43 நொடி துண்டிப்பு, 24 மணி நேரத் தவிப்பு: கிட்ஹப் செய்தது சரியா?

2018 அக்டோபர் 21. அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் கிட்ஹப்பின் நெட்வொர்க் இணைப்பு வெறும் 43 நொடி அறுந்தது. ஆனால் சேவை பழைய நிலைக்குத் திரும்ப 24 மணி நேரம் 11 நிமிடம் ஆனது. ஏன் இவ்வளவு நேரம்?

பெரிய நிறுவனங்கள் டேட்டாவை ஒரே இடத்தில் வைப்பதில்லை. ஓரிடத்தில் பதிவாவது இன்னோர் இடத்திலும் நகலாகும். இதுதான் ரெப்ளிகேஷன். இணைப்பு அறுந்ததும், தானியங்கி மென்பொருள் பொறுப்பை மேற்குக் கடற்கரைக்கு மாற்றிவிட்டது. கிழக்கில் கடைசி சில நொடிகளில் பதிவானவை மேற்குக்குப் போய்ச் சேரவே இல்லை. மேற்கிலோ புதிய பதிவுகள் குவியத் தொடங்கின. இங்கே இருப்பது அங்கே இல்லை, அங்கே இருப்பது இங்கே இல்லை!

பரபரப்பான ஒரு டேட்டாபேஸ் தொகுப்பில் மட்டும் இப்படிச் சிக்கியவை 954 பதிவுகள். மேற்கில் குவிந்த பதிவுகளை 'போனால் போகட்டும்' என்று தூக்கிப்போட்டிருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கலாம். கிட்ஹப் அப்படிச் செய்யவில்லை. சில வசதிகளை நிறுத்திவைத்து, பேக்கப்பிலிருந்து மீட்டு, நிதானமாகச் சரிசெய்தது. பயனர்கள் காத்திருந்தார்கள்.

என்னைக் கேட்டால், காக்க வைத்தது தப்பே இல்லை. அவசரப்பட்டு இடம் மாறியதுதான் தப்பு. பிறகு கிட்ஹப்பும் கடற்கரை தாண்டித் தானாக மாறாதபடி அமைப்பைத் திருத்தியது.

உங்கள் வங்கி ஆப் ஒரு மணி நேரம் திறக்காவிட்டால் எரிச்சல் வரும். பேலன்ஸைத் தப்பாகக் காட்டினால்? நம்பிக்கையே போயிடும்.

உங்கள் ஆபீஸிலும் 'பேக்கப் இருக்கா?' என்பதோடு நிறுத்தாதீங்க. 'லிங்க் அறுந்தால் எந்தப் பக்கம் நிற்கும், அதை யார் முடிவு செய்வாங்க?' என்றும் கேளுங்க.