உப்பு மலை வழக்கு

பேராசிரியர் பீர்பல் ஸாஹ்னியைப் புகழும்போது, 1936-ல் அவர் லண்டன் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினரானதையும், லக்னோவில் அவர் கண்ட ஆராய்ச்சிசாலைக்கு 1949 ஏப்ரல் 3-ந் தேதி பண்டித நேரு அஸ்திவாரக்கல் நாட்டிய ஏழே நாளில் அவர் காலமானதையும் நம்மவர் தவறாமல் குறிப்பிடுவர். பஞ்சாப் உப்பு மலை விஷயத்தில் அவர் கொண்ட முடிவு நிலைக்கவில்லை என்பதை மட்டும் சிலர் விழுங்கிவிடுகின்றனர். இது அவருக்குச் செய்யும் மரியாதையன்று என்பது நமது அபிப்பிராயம்.

விஷயம் இதுதான். இன்று பாகிஸ்தானத்திலுள்ள அம்மலைத்தொடரில், கேவ்ரா முதலிய இடங்களில் உப்பு வெட்டுகின்றனர். (உப்பு என்றதும் 1930-ஐ நினைக்கும் நேயர் பொறுத்தருள்க, இங்கே வழக்கு வரியைப் பற்றியதன்று, வயதைப் பற்றியது.) உப்பின் மேலே கிடக்கும் பாறைகளில் ட்ரைலோபைட் என்னும், பூண்டோடு அற்றுப்போன கடற்பிராணியின் சின்னங்கள் உண்டு. கீழ் அடுக்கு மேல் அடுக்கினும் மூத்ததாதலின், உப்பு 50 கோடி வருஷங்களுக்கு முற்பட்டது என்றனர் ஒரு சாரார். ஸாஹ்னியோ உப்பையும் அதனோடு கிடந்த கல்லையும் கரைத்துச் சோதித்து, பூக்கும் தாவரங்களின் மரத்துணுக்குகளையும் பூச்சிகளின் உறுப்புகளையும் கண்டார். ஆகவே உப்பு ஈயோஸீன் காலத்தது, அதாவது ஆறு கோடி வருஷத்திற்கும் உட்பட்டது. மூத்த பாறைதான் பின்னர் அதன்மீது தள்ளப்பட்டது என்று வாதித்தார். வித்தியாசம் ஏறக்குறைய 50 கோடி வருஷம்!

உப்பு மூத்ததே என்பதுதான் இன்று ஏற்கப்பட்ட முடிவு. துணுக்குகள் பிற்காலத்தில் புகுந்தவை. உப்பு நீரில் கரைந்து மீண்டும் உறைவது. வெடிப்புகளின் வழியே நீர் எதைத்தான் கொண்டு சேர்க்காது?

இதைக் காட்டி, நுண்பொருள்களால் பாறையின் வயதை அறியும் முறையே பொய் என்று சொல்வது பேதைமை. மகரந்தத் தூளின் புறத்தோல் கல்லைக் கரைக்கும் ஹைட்ரோபுளோரிக் அமிலத்திற்கும் அழியாதது. யுகத்திற்கு யுகம் தாவரங்கள் மாறுதலின் தூளின் வடிவும் மாறுகிறது. ராணிகஞ்ச், ஜரியா நிலக்கரி அடுக்குகளை இனங்காண லக்னோ ஆராய்ச்சிசாலையார் இத்தூளையும் வித்துத்தூளையுமே துணைக்கொண்டனர். சாட்சி நல்ல சாட்சிதான். ஆனால் காற்றிலும் நீரிலும் ஊர் சுற்றும் சாட்சி. பழைய பாறை அரிக்கப்பட்டால் அதன் தூள் புதிய சேற்றிலும் போய்ப் படியும். ஆதலின் குறுக்கு விசாரணை இன்றியமையாதது. ஒரு தூளை நம்பாது கூட்டத்தையே பார்க்கவேண்டும். புதையுண்ட வெப்பத்தால் மஞ்சள் நிறம் பழுப்பாகிக் கறுத்திருக்கிறதா என்று நோக்கவேண்டும். மேலும் கீழுமுள்ள அடுக்குகள் சொல்வதோடு ஒத்துப்பார்க்கவேண்டும்.

வெளியிலிருந்து புகுந்த துணுக்குகள் என்ற ஆட்சேபத்தை ஸாஹ்னி அறியாதவரல்லர், அறிந்தே மறுத்தார். 1944, 1945 வருஷங்களில் நடந்த விவாதங்களில் எதிர்க்கட்சியாரின் வாதங்களும் அவருடைய வாதங்களோடு சேர்ந்தே அச்சேறின. தம் கட்சியை அவ்வளவு பகிரங்கமாக நடத்தியவரின் வழக்கை நாம் ஏன் ஒளிக்கவேண்டும்? அவர் ஞாபகார்த்தமாக நிகழும் பிரசங்கங்களில், கலாசாலை மாணவருக்கு உப்பு மலைக் கதையையும் முழுமையாகச் சொல்லுமாறு வேண்டுகிறோம்.