மீன்தொட்டிக்கு சில்லர் அவசியமா?

சித்திரை வெயில் ஏறியதும் கோல்டு ஃபிஷ்கள் தொட்டியின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பசி என்று நினைத்துக் குழந்தைகள் இன்னும் இரண்டு சிட்டிகை தீனி போடுவார்கள். அது பசியல்ல, மூச்சுத்திணறல். 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். சூட்டில் மீனுக்குத் தேவையோ கூடுகிறது. மிஞ்சிய தீனி அழுகினால் இருக்கிற ஆக்சிஜனும் போச்சு!

அதற்காக உடனே சில்லர் வாங்க ஓட வேண்டாம். கப்பி, மோலி, ஏஞ்சல் எல்லாம் 28 டிகிரியைத் தாங்கும். டிஸ்கஸ் அந்தச் சூட்டைத்தான் விரும்பும். இவற்றுக்கு ஏர் பம்ப்பும், தண்ணீர்ப் பரப்பின் மேல் காற்று வீசும் சின்ன ஃபேனும் பெரும்பாலும் போதும். ஃபேன் இரண்டு, மூன்று டிகிரி குறைக்கும். சென்னைப் புழுக்கத்தில் அதைவிடக் குறைவு. ஆவியாகும் தண்ணீரை அவ்வப்போது நிரப்ப வேண்டும். ஐஸ் கட்டியைக் கொட்டுவது மட்டும் கூடவே கூடாது. திடீர்க் குளிர்ச்சியை மீன் தாங்காது.

20 முதல் 24 டிகிரி வரை நிம்மதியாக இருக்கும் கோல்டு ஃபிஷ், பவளம் வளரும் கடல்நீர்த் தொட்டி... இவற்றுக்கு சில்லர் செலவு நியாயம். வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் லிட்டரை மட்டும் பார்த்தால் ஏமாற்றம்தான். அறையின் சூட்டிலிருந்து எத்தனை டிகிரி இறக்க வேண்டும் என்பதே முக்கியம். அறை 35, தண்ணீர் 25 என்றால் 10 டிகிரி. அந்த அளவுக்கு இறக்குமா என்று கடைக்காரரிடம் கேட்டே ஆக வேண்டும். 3 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி சுமார் 127 லிட்டர் பிடிக்கும். 100 லிட்டரை ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு டிகிரி குறைக்க, சுமார் 116 வாட் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். கம்ப்ரஸர் இல்லாத மலிவான குட்டி சில்லர்களால் இது ஆகாது. இரண்டு அளவுகளில் எது என்று குழப்பமா? பெரியதே மேல். சிறியது ஓயாமல் ஓடிக் கரன்ட் பில்லை ஏற்றும்.

உறிஞ்சிய சூட்டை சில்லர் அறைக்குள்தான் கக்கும். தொட்டிக்குக் கீழே மூடிய அலமாரிக்குள் வைத்தால் தன் சூட்டில் தானே திணறும். படுக்கையறையில் வைத்தால் இரைச்சலும் உண்டு.

கரன்ட் போனால் சில்லரும் நிற்கும், ஏர் பம்ப்பும் நிற்கும். எனவே பட்ஜெட்டில் முதலில் ஒதுக்க வேண்டியது பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப்புக்கு.