ஆட்டிசம் குழந்தைகளுக்கு மட்டுமல்ல!

சத்தம், கூட்டம் தாங்க முடியல. மனசுல இருக்கிறதைச் சொல்ல வரல. ஊர் வெச்ச பேரு "திமிரு புடிச்சவன்". 25 வயசுல "எனக்கு ஆட்டிசமா இருக்குமோ?"ன்னு தோணுதா?

பரிசோதிக்கணுமா, வேணாமா? முடிவு உங்களோடது. காரணம் தெரிஞ்சா நிம்மதின்னு சிலர். முத்திரை குத்திடுவாங்கன்னு சிலர். ரெண்டும் நியாயம்தான்.

ஆனா உரிமையைத் தெரிஞ்சுக்கிட்டு முடிவெடுங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் உண்டு. பாதிப்பு 40 சதவீதம்னு சான்று கிடைச்சா, அரசு வேலை இடஒதுக்கீட்டுக்கும் தகுதி.

கொல்லிமலைக்காரங்க இதுக்கு 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி நாமக்கல் போகணும். அன்னைக்குக் கூலியும் போச்சு. அலைச்சலுக்குப் பயந்து விட்டா, அது நாம எடுத்த முடிவா?

செம்மேட்டிலேயே பெரியவங்களுக்கும் ஆட்டிசம் பரிசோதனை முகாம் வேணும். சேர்ந்து கேட்போம்!

#கொல்லிமலை