செயற்கைக்கோளுக்கு வயது போதாது

2014 செப்டம்பரில் அண்டார்க்டிகாவைச் சுற்றி உறைந்துகிடந்த கடற்பனியின் பரப்பு 2 கோடி சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. செயற்கைக்கோள்கள் அளக்கத் தொடங்கிய பிறகு அதுவே உச்சம். பூமி சூடாகிறது என்பதை ஏற்காதவர்கள் அதைக் காட்டிக் கேலி பேசினார்கள். ஒன்பதே ஆண்டுகளில், 2023 குளிர்காலத்தில், அதே கடற்பனி 1.7 கோடி சதுர கிலோமீட்டரைக்கூட எட்டவில்லை. கேலி அடங்கி, அபாயச் சங்கு ஒலிக்கத் தொடங்கியது. இரு தரப்பும் கையில் வைத்திருந்த சான்று ஒன்றுதான்: 1978 இறுதியில் தொடங்கும் தொடர் அளவீடு. அரை நூற்றாண்டுகூட நிறையாத கணக்கு அது. நூற்றாண்டுக் கணக்கில் ஏறி இறங்கக்கூடிய ஒரு கடலின் போக்கை அதை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுத முடியாது. 2023-இன் சரிவு வழக்கமான ஊசலாட்டமா, கடல் வேறொரு நிலைக்கு மாறிவிட்டதா என்று சொல்ல, இன்னும் வயதான சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி கடலடிச் சேற்றில் இருக்கிறது. அதைத் தோண்டி எடுக்கும் வசதியை உலகம் இப்போதுதான் குறைத்துக்கொண்டிருக்கிறது என்பதே என் குறை.

தென்துருவக் கடலின் மேல்நீரில் டயட்டம் எனப்படும் ஒற்றைச் செல் பாசிகள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. ஒவ்வொன்றும் சிலிக்காவால், அதாவது கண்ணாடியின் மூலப்பொருளால், தனக்கென ஓர் ஓடு கட்டிக்கொள்கிறது. பாசி செத்ததும் ஓடு அடியில் படிகிறது. இதில் பயனுள்ள செய்தி, எந்த இனம் எங்கே வாழும் என்பதில் உள்ள கறார்தான். ஃப்ராஜிலாரியாப்சிஸ் கர்ட்டா என்ற இனம் கடற்பனியை ஒட்டி வாழ்வது. அதன் உறவினமான கெர்குலென்சிஸ் பனியில்லாத திறந்த கடலுக்கு உரியது. வண்டலில் இவை எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்று நுண்ணோக்கியில் எண்ணினால், அந்த வண்டல் படிந்த காலத்தில் மேலே பனி இருந்ததா, திறந்த நீர் இருந்ததா என்று தெரிந்துவிடும். கிழக்கு அண்டார்க்டிகாவின் அடேலி கடற்கரைக்கு அப்பால் 2010-இல் துளையிட்டபோது, சுமார் 170 மீட்டர் தடிமனுக்கு டயட்டம் வண்டல் கிடைத்தது. ஏறத்தாழ 11,400 ஆண்டுகளில் சேர்ந்தது. சராசரியாக ஆண்டுக்கு ஒன்றரை சென்டிமீட்டர். ஆழ்கடலில் ஆயிரம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் சேர்ந்தாலே பெரிது. இங்கே வெளிர், கரும் பட்டைகளாக ஆண்டுகளையே ஒன்றன்பின் ஒன்றாக எண்ணலாம். செயற்கைக்கோள் தரும் நாற்பத்துச் சொச்ச ஆண்டுகளுக்குப் பின்னணியாக வைத்துப் பார்க்க வேண்டிய கணக்கேடு இதுதான்.

இத்தகைய ஓடுகளை எண்ணுவது வெறும் அருங்காட்சியக வேலை என்று நினைப்பவர்கள் 1976-ஐ நினைவுகொள்ள வேண்டும். ஹேஸ், இம்ப்ரி, ஷேக்கிள்டன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் அந்த ஆண்டு, பனியுகங்கள் வந்துபோவதை நடத்துவது பூமியின் சுற்றுப்பாதையில் நிகழும் சிறு மாற்றங்களே என்று காட்டினார்கள். அவர்களுடைய சான்று இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் எடுத்த இரண்டு வண்டல் உருளைகள். நான்கரை லட்சம் ஆண்டுகளின் கதையைச் சொன்ன அந்த ஆய்வின் மூன்று அளவீடுகளில் இரண்டு ரேடியோலேரியா என்ற நுண்ணுயிரின் ஓடுகளை எண்ணிப் பெற்றவை. மூன்றாவது, ஃபோராமினிஃபெரா ஓடுகளில் உள்ள ஆக்சிஜன். பிறகு 2006-07 கோடையில் ஆண்ட்ரில் என்ற துளையிடும் திட்டத்தினர் அண்டார்க்டிகாவின் மெக்மர்டோ அருகே மிதக்கும் பனித்தட்டையும் அதன் அடியிலுள்ள கடலையும் ஊடுருவி, கடல் தரைக்குக் கீழே 1,285 மீட்டர் வரை துளைத்தார்கள். பனிப்பாளம் உரசிக் கொட்டிய கல்லும் மண்ணும் ஓர் அடுக்கு, சுத்தமான டயட்டம் ஓர் அடுக்கு என்று மாறிமாறி வந்தது. டயட்டத்துக்கு வெயில் வேண்டும். இன்று பனி மூடியிருக்கும் இடத்தில் மீட்டர் கணக்கில் டயட்டம் படிந்திருக்கிறது என்றால், அன்று அங்கே வெயில் பட்ட திறந்த கடல் இருந்தது. மேற்கு அண்டார்க்டிகாவின் பனிப்பாளம் பின்வாங்கியிருந்தது. 30 முதல் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அப்படி நடந்தபோது, காற்றில் கரியமில வாயு 400 பிபிஎம் (பத்து லட்சத்தில் 400 பங்கு) அளவில் இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். இன்று அது 420-ஐத் தாண்டிவிட்டது.

மறுப்புகள் உண்டு, அவை அற்பமானவை அல்ல. சிலிக்கா ஓடுகளில் பெரும்பகுதி அடியை அடையும் முன்பே கரைந்துவிடும். கெர்குலென்சிஸ் போன்ற தடித்த ஓடுகள் தப்பும், மெல்லியவை காணாமல் போகும். நீரோட்டம் ஓடுகளை வேறிடத்துக்குத் தள்ளிவிடவும் கூடும். ஆகவே சேற்றில் இருப்பது மேலே வாழ்ந்த கூட்டத்தின் நேர்ப் பிரதி அல்ல. ஆனால், ஆய்வாளர்கள் சேற்றை நேராக மேல்நீரோடு ஒப்பிடுவதில்லை. இன்றைய கடலடியின் மேற்பரப்பு வண்டலை, அதே இடத்தின் இன்றைய வெப்பத்தோடும் பனியோடும் பொருத்தி அளவுகோல் செய்கிறார்கள். கரைந்து போன இழப்பின் பெரும்பகுதி அந்த அளவுகோலுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. மேலும், ஓடுகள் தனித்தனியே மிதந்து இறங்குவது குறைவு. இறால் போன்ற கிரில்கள் டயட்டத்தைத் தின்று கழிக்கும் எச்சக் கட்டிகளாகவும், ஒட்டிய திரள்களாகவும் வேகமாக இறங்குகின்றன. போதாததற்கு, பனியில் வாழும் டயட்டங்கள் விட்டுச்செல்லும் ஒருவகைக் கொழுப்பு மூலக்கூறும் வண்டலில் தங்குகிறது. ஓட்டின் எண்ணிக்கையும் வேதியியலும் ஒத்துப்போகின்றனவா என்று ஒன்றை வைத்து ஒன்றைச் சோதிக்கலாம். இந்தத் துறை தன்னைத் திருத்திக்கொள்ளவும் தெரிந்தது: பனியுகக் கடலை மறுவரைவு செய்த கிளைமாப் திட்டம் பனியுக உச்சத்துக்குப் போட்ட கோடைக்காலக் கடற்பனி எல்லை மிகையானது என்று பின்னர் சுட்டிக்காட்டியதே டயட்டம் ஆய்வுதான்.

பனி உருளைகள் இருக்கும்போது சேறு எதற்கு என்பது அடுத்த கேள்வி. பனி உருளைகள் ஒப்பற்றவை. அன்றைய காற்றையே குமிழ்களில் பிடித்து வைத்திருப்பவை. 2025 தொடக்கத்தில் ஐரோப்பியக் குழுவினர் 12 லட்சம் ஆண்டுகளுக்குமேல் பின்னோக்கிச் செல்லும் பனியை எடுத்திருக்கிறார்கள். ஆனால் 400 பிபிஎம் உலகம் அதற்கும் பல லட்சம் ஆண்டுகள் முந்தியது. தவிர, பனிப்பாளம் உருகிப் போயிருந்த காலத்தை அந்தப் பாளத்திடமே கேட்க முடியாது. கணினி மாதிரிகளை நம்பலாமே என்றால், 1979-க்கும் 2015-க்கும் இடையே அண்டார்க்டிகக் கடற்பனி மெல்லக் கூடியதை அவற்றில் பெரும்பாலானவை காட்டத் தவறின. மாதிரிகளைக் கைவிட இது காரணமல்ல. அவற்றைத் தேர்வெழுத வைக்கக் கடந்தகாலத்தின் விடைத்தாள் வேண்டும் என்பதற்கே காரணம்.

இந்தச் சூழலில்தான் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை, 1985 முதல் அறிவியலுக்குத் துளையிட்டுவந்த ஜாய்டிஸ் ரெசல்யூஷன் கப்பலுக்கான ஆதரவை 2024-உடன் முடித்துக்கொண்டது. ஆண்டுக்குச் சுமார் 7 கோடி டாலர் செலவு, கூட்டாளி நாடுகளின் பங்கு உயரவில்லை, கப்பலுக்கும் வயதாகிவிட்டது என்ற காரணங்கள் உண்மைதான். பழைய கப்பலை நிறுத்துவது தவறில்லை. மாற்றுக் கப்பல் இல்லாமல் நிறுத்தியதே தவறு. ஐரோப்பாவும் ஜப்பானும் சேர்ந்து ஒரு துளையிடும் திட்டத்தைத் தொடர்கின்றன, சீனா மெங்சியாங் என்ற புதிய கப்பலை இறக்கியிருக்கிறது. ஆனாலும் ராஸ் கடலுக்கும் அமுண்ட்சன் கடலுக்கும் போய்த் துளையிட்டுத் திரும்பிய அனுபவம் ஒரே நாளில் கைமாறுவதில்லை. எடுத்துவைத்த உருளைகள் பிரெமன், டெக்சாஸ், கொச்சி (நம் கேரளக் கொச்சி அல்ல, ஜப்பானில் அதே பெயரில் உள்ள ஊர்) கிடங்குகளில் கிடக்கின்றன, அவற்றையே இன்னும் முழுதாகப் படிக்கவில்லையே என்பாரும் உண்டு. படிக்கட்டும். ஆனால் துளையிடாத இடத்தின் கதையை எந்தக் கிடங்கும் சொல்லாது. தென்துருவக் கடலில் துளையிட்ட இடங்களே சொற்பம்.

இதில் இந்தியாவுக்கு வேலை இருக்கிறது. மேற்கு அண்டார்க்டிகா உருகினால், பனியின் ஈர்ப்பு குறைவதால், கடல்மட்டம் உலகச் சராசரியைவிட அதிகம் உயரும் பகுதிகளில் இந்தியப் பெருங்கடலும் ஒன்று. கோவாவிலுள்ள தேசியத் துருவ, பெருங்கடல் ஆய்வு மையம் 2004 முதல் தென்துருவக் கடலுக்குக் குழுக்களை அனுப்பிவருகிறது, ஆனால் துருவப் பனியை உடைத்துச் செல்லும் சொந்தக் கப்பல் நம்மிடம் இல்லை. 2025-இல் கொல்கத்தாவின் கார்டன் ரீச் கப்பல் கட்டும் நிறுவனம் அத்தகைய கப்பலைக் கட்ட நார்வேயின் காங்ஸ்பெர்க்குடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்திருக்கிறது. அந்தக் கப்பல் சேற்றையும் எடுக்க வேண்டுமானால், நீண்ட வண்டல் உருளைகளை உறிஞ்சி இழுக்கும் குழாய்க்குக் கப்பலின் பக்கவாட்டில் தடையற்ற நீளமும் பெரும் இழுவிசைப் பொறியும் வேண்டும். பிரான்ஸின் மரியோன் துஃப்ரேன் கப்பல் அப்படித்தான் பல பத்து மீட்டர் உருளைகளை எடுக்கிறது. இந்த வசதியைக் கட்டி முடித்த கப்பலில் பிறகு ஒட்டவைக்க முடியாது. வரைபடம் இறுதியாகும் முன்பே, புவி அறிவியல் அமைச்சகம் அந்த நீளத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.