கைவேலைப் பக்கம்: காடியின் முன் பம்பரைக் கழற்றுவோமா?



ஒரு தீபாவளிக்கு முந்திய வாரம் என் அக்காள் மகன் தன் பழைய காடியோடு வாசலில் வந்து நின்றான். செம்பனைத் தோட்டத்து மண்பாதையில் திரும்பும்போது மதகுக் கட்டையில் முன்பக்கம் இடித்துவிட்டதாம். பார்த்தால் பம்பரில் ஒரே ஒரு கீறல். "ஒன்றுமில்லை மாமா, கொஞ்சம் சாயம் பூசினால் போதும். நாளைக்குப் பிள்ளைகளோடு சித்தியவானுக்குப் போகணும்" என்றான்.

"பம்பரைக் கழற்றிப் பார்த்துவிட்டுப் போ" என்றேன். அரை மனத்தோடு ஒப்புக்கொண்டான். ஒரு மணி நேரத்தில் கழற்றிவிட்டோம். உள்ளே இருந்த இரும்புச் சட்டம் ஒரு பக்கம் வளைந்து ரேடியேட்டரின் ஓரத்தை அழுத்திக்கொண்டிருந்தது. சொட்டுச் சொட்டாக நீர் கசிந்தது. அப்படியே நெடுஞ்சாலையில் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பாதி வழியில் எஞ்சின் கொதித்து, மனைவி மக்களோடு சாலையோரத்தில் நின்றிருப்பான்.

அந்தக் காலத்தில் துரைமார் ஓட்டிய மோரிஸ் மைனர் காடிகளுக்கு இரும்புப் பம்பர். இடித்தால் இடித்த இடம் வளைந்து காட்டிக்கொடுத்துவிடும். இன்று நம் வீடுகளில் நிற்கும் சாகா, காஞ்சில், மைவி போன்றவற்றில் வெளியே தெரிவது பிளாஸ்டிக் மூடிதான். இடிபட்டால் உள்ளே போய், கையை எடுத்த ரப்பர் பந்து போலத் திரும்பிவிடும். உள்ளே இருப்பது திரும்பாது. பால் வெட்டிய கைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேலே இருப்பது பட்டை. உள்ளே இருப்பதுதான் மரம். பட்டையைப் பார்த்து மரத்தை எடைபோடக் கூடாது.

முதலில் ஒரு முக்கியமான செய்தி. சாலையில் விபத்து நடந்தால் 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் போலீஸ் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்சில் பணம் கேட்கும் எண்ணம் இருந்தால், அவர்கள் வந்து பார்ப்பதற்கு முன் ஒரு திருகாணியைக்கூடத் தொடாதீர்கள். நாம் பேசுவது சின்ன இடிக்கும், கிளிப் உடைந்து தொங்கும் பம்பருக்கும் மட்டும்தான்.

இனி வேலைக்கு வருவோம். காலை வெயில் ஏறுவதற்கு முன் தொடங்குங்கள். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பின் சக்கரங்களுக்குச் செங்கல் முட்டுக் கொடுங்கள். எஞ்சின் ஆறட்டும். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். காற்றுப்பை உள்ள காடியானால் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, காடியோடு வந்த கையேட்டில் சொன்ன நேரம் காத்திருங்கள். அந்தக் காற்றுப்பைக்குச் செய்தி சொல்லும் உணர்கருவி பல காடிகளில் பம்பருக்குப் பின்னால்தான் இருக்கும். அதைத் தட்டவோ சோதிக்கவோ கூடாது.

தேவையான சாமான்கள் அதிகமில்லை. நட்சத்திரத் தலைத் திருப்புளி ஒன்று, தட்டைத் திருப்புளி ஒன்று, 10 மில்லிமீட்டர் ஸ்பேனர், சாயம் உரியாத ஒட்டுத் தாள், பழைய போர்வை. கிளிப்புகள் வெயிலில் வெந்து உடையும் வயதில் இருக்கும். அதே அளவில் கொஞ்சம் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். ஓர் அட்டையில் காடியின் முகத்தை வரைந்து, எடுத்த திருகாணியை எடுத்த இடத்திலேயே குத்தி வைத்தால் பிறகு தடுமாற வேண்டாம். அந்த வேலையை வீட்டுப் பிள்ளையிடம் கொடுங்கள், ஆர்வமாகச் செய்வான்.

போனட்டைத் திறந்தால் மேல் வரிசைக் கிளிப்புகள் தெரியும். நடுவில் திருப்புளிக்கான வெட்டு இருந்தால், மெல்லத் திருப்ப நடு ஆணி மேலே வரும். வெட்டில்லாத வட்டமானால், நடுவைச் சற்றே உள்ளே அழுத்த வேண்டும். சிலவற்றில் ஓரத்தில் சிறு பிளவு இருக்கும்; அங்கே நெம்பி எடுக்கலாம். எது எது என்று பார்க்காமல் கத்தியை விட்டு நெம்புகிறவர்தான் ஒரே நாளில் பத்துக் கிளிப்பை உடைக்கிறார்.

அடுத்தது சக்கர வளைவு. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பினால் பம்பரும் மட்காட்டும் சேருமிடம் தெரியும். அங்கே பெரும்பாலும் ஒரு திருகாணி இருக்கும். மேல்நோக்கி மறைந்து இன்னொன்றும் இருக்கலாம். விரலால் தடவிப் பாருங்கள். மறுபக்கமும் அப்படியே. பிறகு கீழ் விளிம்பு. குனிந்தால் கை எட்டும். எட்டாவிட்டால் ஜாக் மட்டும் தாங்கும் காடிக்குக் கீழே தலையைக் கொடுக்காதீர்கள். ஜாக் நழுவினால் மறுமுறை என்பது கிடையாது. நம்பர் பலகையின் பின்னாலும் சில காடிகளில் திருகாணி ஒளிந்திருக்கும்.

எல்லாம் எடுத்தாயிற்றா? இப்போதுதான் பொறுமை வேண்டும். மட்காட்டின் விளிம்பில் ஒட்டுத் தாளை ஒட்டிக்கொள்ளுங்கள். இருபுறமும் ஆளுக்கொருவர் நில்லுங்கள். எங்கள் வீட்டில் மறுமுனையைப் பிடித்தது என் மனைவிதான். சக்கர வளைவுப் பக்கத்திலிருந்து பம்பரின் ஓரத்தை முதலில் வெளிப்புறமாக, பக்கவாட்டில் இழுக்க வேண்டும். "டக் டக்" என்று கொக்கிகள் விடும். எடுத்த எடுப்பில் முன்பக்கம் இழுத்தால் கொக்கிகளே உடைந்துவிடும். இழுத்தும் வரவில்லை என்றால் பலம் போதவில்லை என்று எண்ணாதீர்கள். எங்கோ ஒரு திருகாணியை மறந்திருக்கிறீர்கள். பதறாத காரியம் சிதறாது.

இரண்டு ஓரமும் விட்ட பின், ஒரு சாண் மட்டும் முன்னே நகர்த்தி உள்ளே எட்டிப் பாருங்கள். மூடுபனி விளக்கின் ஒயர் இருக்கலாம். அதன் முனையில் சிறு நாக்கு உண்டு. அதை அழுத்திக்கொண்டே பிரிக்க வேண்டும். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. பிறகு பம்பரைத் தூக்கிப் போர்வையின்மேல் வையுங்கள். வெறும் சிமெண்டுத் தரையில் வைத்தால் புதிய கீறல் வரும்.

இப்போது மரத்தைப் பாருங்கள். குறுக்குச் சட்டம் நேராக இருக்கிறதா? அதன் முன்னே நுரைக்கட்டை இருந்தால் அது நொறுங்கியிருக்கிறதா? சட்டத்தைத் தாங்கும் இரு கைகளும் ஒன்றுபோல இருக்கின்றனவா? ரேடியேட்டரில் ஈரமோ, காய்ந்த நீரின் கறையோ உண்டா? சட்டம் வளைந்திருந்தால் சுத்தியலால் தட்டி நிமிர்த்தலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு முறை வளைந்த இரும்பு, அடுத்த இடியைப் பழைய பலத்தோடு தாங்காது. அங்கே நம் கைவேலை முடிந்து பட்டறையின் வேலை தொடங்குகிறது. சில புதிய காடிகளின் முன்புறத்தில் தூரத்தை அளக்கும் ராடார் இருக்கிறது. அவற்றைத் தொடக்கத்திலேயே பட்டறைக்கு விட்டுவிடுவது நல்லது.

திரும்ப மாட்டும்போது முதலில் ஒயர். பேட்டரியை மீண்டும் இணைத்து விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஓரக் கொக்கிகள். எல்லாத் திருகாணிகளையும் கையால் பாதி சுற்றிய பின்னரே ஒவ்வொன்றாக இறுக்குங்கள். பிளாஸ்டிக்கில் அளவுக்கு மீறி இறுக்கினால் வெடிக்கும். அழுத்தும் வகைக் கிளிப்பின் நடு ஆணியை மேலே தள்ளி வைத்துவிட்டுத்தான் துளையில் போட வேண்டும். நம்பர் பலகை மாட்டாமல் காடியைச் சாலையில் இறக்க வேண்டாம்.

என் மருமகன் என்ன செய்தான் என்று கேட்கிறீர்களா? மறுநாள் பட்டறைக்குப் போய்ச் சட்டத்தையும் ரேடியேட்டரையும் மாற்றினான். கையிருப்பில் ஓட்டை விழுந்தது. சித்தியவானுக்கு ஒரு நாள் தாமதமாகத்தான் போனார்கள். முறுக்கு ஆறிவிட்டது என்று சித்தி கோபித்துக்கொண்டாராம். முறுக்கு ஆறினால் என்ன, பிள்ளைகள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார்களே!

அன்பர்களே, பட்டறைக் கூலியை மிச்சப்படுத்துவது நல்லதுதான். அதைவிடப் பெரிய மிச்சம், உள்காயத்தை நேரத்தோடு கண்டுபிடிப்பது. உங்கள் காடி எங்காவது இடிபட்டால் "ஒன்றுமில்லை" என்று சொல்வதற்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

மீண்டும் சந்திப்போம்.