சமையலருக்கும் ஓட்டுநருக்கும் சொல்லுங்கள்

2020 ஏப்ரலில், கொரோனாவால் இறந்த நெல்லூர் மருத்துவர் ஒருவரின் உடலைச் சென்னை அம்பத்தூர் மயானத்தில் எரிக்க விடாமல் அப்பகுதி மக்கள் தடுத்தார்கள். உடலை வேறு மயானத்துக்குக் கொண்டுபோக நேர்ந்தது. இறந்தவர் உடலிலிருந்து இந்நோய் தொற்றியதற்குச் சான்றில்லை என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முந்தைய மாதமே சொல்லியிருந்தது. அந்தச் செய்தி மயானத்து வாசல்வரை வந்து சேரவில்லை. அதே மாதம், இறுதிச் சடங்கைத் தடுப்போருக்கு மூன்றாண்டுவரை சிறை என்று தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. தேவையான சட்டம்தான், ஆனால் அச்சத்தைச் சட்டம் போக்காது.

அச்சம் போக, சரியான செய்தியைத் தெருவுக்குக் கொண்டுசேர்ப்பவர்கள் வேண்டும். ஆவடி முதல் பூந்தமல்லி வரை கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் நிறைந்திருக்கின்றன. அவற்றின் எழுத்தர், ஓட்டுநர், சமையலர், துப்புரவுப் பணியாளர் பலரும் இப்பகுதித் தெருக்களிலேயே வாழ்பவர்கள். கல்லூரியில் பணிபுரிபவர் சொன்னால் அக்கம்பக்கத்தார் காது கொடுப்பார்கள். 2020 டிசம்பரில் சென்னை ஐஐடியில் நூற்றுக்கும் மேற்பட்டோரைத் தொற்று பிடித்தபோது, மாணவர்களோடு உணவக ஊழியர்களும் பாதிக்கப்பட்டார்கள். நோய் பதவி பார்ப்பதில்லை. நோயைப் பற்றிய பயிற்சி மட்டும் ஏன் பார்க்க வேண்டும்?

தொற்று எப்படிப் பரவுகிறது, எப்படிப் பரவாது என்பதை ஆண்டுக்கொரு முறையேனும் கடைநிலை ஊழியர்வரை, தமிழில், வேலை நேரத்திலேயே, சம்பளம் பிடிக்காமல் நிர்வாகங்கள் கற்றுத்தர வேண்டும். பூந்தமல்லியிலேயே அரசின் பொது சுகாதார நிறுவனம் இருக்கிறது. வரும் கல்வியாண்டிலேயே அதன் உதவியோடு தொடங்கலாம்.