இருபது கொண்டை ஊசியும் ஒரு கோணி ஊசியும்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். போன மாதம் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தபோது, ஏழாவதோ எட்டாவதோ வளைவில் என் முதுகுப்பையின் தோள்பட்டி 'பர்ர்'ரென்று பிய்ந்துகொண்டது. வாங்கி ஒன்பது மாதம், விலை 1,400 ரூபாய். வாரண்டி கேட்கப் போனால், "ஓவர் வெயிட் ஏத்தியிருக்கீங்க தம்பி" என்றார் கடைக்காரர். இரண்டு அக்கவுண்டன்சி புத்தகம், டிபன், குடை, ஸ்வெட்டர். இதுதான் ஓவர் வெயிட்டாம்! வீட்டிலோ, "தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கு" என்றார்கள்.

ஏன் தூக்கிப் போட வேண்டும்? பையைத் திருப்பிப் பார்த்தேன். துணி கிழியவில்லை. ஜிப் நன்றாக ஓடுகிறது. பட்டி பையோடு சேரும் இடத்தில் மட்டும் இரண்டே வரித் தையல், பின்னால் தாங்குவதற்கு ஒரு துண்டுத் துணிகூட இல்லை. பையின் மொத்த பாரமும் வந்து இறங்குகிற இடம் அது. அங்கே கொஞ்சம் நூலை மிச்சம் பிடித்தவர்களை விட்டுவிட்டு, புத்தகம் சுமந்தவனைக் குறை சொல்வது என்ன நியாயம்?

நானே தைத்தேன். பழைய பை ஒன்றிலிருந்து நைலான் பட்டையை வெட்டி, பிசிறாமலிருக்க ஓரங்களை மெழுகுவர்த்தியில் காட்டி, உள்பக்கம் வைத்தேன். சின்னக் கோணி ஊசி, நைலான் நூல். பருத்தி நூல் வேண்டாம். எங்கள் ஊர் ஈரத்தில் மக்கிவிடும். சதுரமாக ஒரு சுற்று, உள்ளே பெருக்கல் குறி. ஊசி ஏறாத இடத்தில் குறடால் பிடித்து இழுத்தேன். பிறகு, இன்னும் பிய்யாத அடுத்த பட்டியையும் அதேபோல் தைத்துவிட்டேன். பிய்ந்ததைச் சரிசெய்தால் வருவாயினச் செலவு, ஆயுளைக் கூட்டினால் மூலதனச் செலவு என்று வகுப்பில் படிக்கிறோமே, இரண்டும் ஒரே சாயங்காலத்தில் முடிந்தது :)

"பையன் ஊசி நூல் எடுத்து உட்கார்ந்துட்டானே" என்று பக்கத்து வீட்டில் ஒரே சிரிப்பு. டெய்லர் கடையில் மெஷின் மிதிப்பதும் பஸ் ஸ்டாண்ட் ஓரம் செருப்புத் தைப்பதும் பெரும்பாலும் ஆண்கள்தானே? காசுக்குத் தைத்தால் தொழில், வீட்டில் தைத்தால் பொம்பளை வேலையா?

2022-ல் மத்திய அரசு 'பழுதுபார்க்கும் உரிமை'க்காக ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், செல்போன், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் என்று பட்டியல் போட்டார்கள். நல்லது. செல்போனைத் திறக்கக் கம்பெனியின் தயவு வேண்டும். பையைத் தைக்க யார் தயவும் வேண்டாம். அந்த உரிமை ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது, நாம்தான் கைவிட்டுவிட்டோம்.

2021-ல் முன்னாள் முதல்வர்கள் படம் போட்ட இலவசப் பள்ளிப் பைகளை வீணாக்காமல் அப்படியே கொடுக்கத் தமிழக அரசு முடிவு செய்தது. 13 கோடி ரூபாய் மிச்சம் என்று சட்டமன்றத்தில் சொன்னார்கள். பாராட்டலாம். ஆனால் அந்தப் பையின் பட்டி வருடத்தின் நடுவில் பிய்ந்தால், மலைக்கிராமத்துப் பிள்ளை என்ன செய்யும்? முடிச்சுப் போட்டு ஒற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு மேட்டில் நடக்கும்.

அதனால் என் கோரிக்கை சின்னது. பையோடு ஒரு ஊசியும் ஒரு நூல்கண்டும் கொடுங்கள். கூடவே ஒரே ஒரு பீரியட் ஒதுக்கித் தைக்கச் சொல்லிக்கொடுங்கள். பையன்களுக்கும் சேர்த்து.